இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் அட்டைகள்

"அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா, நான்தான் திருடினேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகணும்."

போனில் இதைச் சொன்ன பெண்மணி அழவில்லை. விலாசத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எந்தக் கட்டடம், எந்த மாடி, மொத்தம் எத்தனை படி, அதில் பதினாலாவது படியில் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது, பார்த்து வரவும் என்பது வரை.

நான் பார்க்காமல் வந்தேன். பதினாலாவது படியில் முட்டி பெயர்ந்தது.

"சொன்னாங்கல்ல" என்றார் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அண்ணி என்பது என் அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். பையைத் தூக்குவதும், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் கொழுந்தனாகிய என் தொழில். சம்பளம் கிடையாது. அண்ணனிடம் கேட்டால், "குடும்பத்துக்குள்ள என்னடா சம்பளம்?" என்பார். வெளியே வேலை தேடுகிறேன் என்றால், "குடும்பத்தை விட்டுட்டுப் போறியா?" என்பார்.

மூன்றாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போடுகிறவர்கள். ஒரு நீள ஹால், ஆறு மேசை, கடைசியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட முதலாளி அறை. வாசலில் ஒரு வாட்ச்மேன். உள்ளே போகிறவர்களைக் கண்டுகொள்ள மாட்டார். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து, மூடியை முகர்ந்தும் பார்ப்பார். போன வருஷம் யாரோ ஒரு புத்தகத்தைக் காப்பியடித்துவிட்டார்களாம். அதிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் அங்கிருந்து வெளியே போக முடியாது.

ஹாலின் நடுவில் ஒரு ஸ்டூலில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் போன் செய்த அம்மாள். ஐம்பது வயசிருக்கும். ஆபீசில் அவருக்கு வாக்கியம்மா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியின் எல்லாப் புத்தகங்களுக்கும் உதாரண வாக்கியம் எழுதுகிறவர் அவர். எதிரே மேசையில் டைப் அடித்த ஒரு கடிதம், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. எதற்கும் தயாராக வைத்திருந்தார்கள்.

"புத்தகம் என்னன்னா மேடம்" என்று ஆரம்பித்தார் மேனேஜர். முதலாளியின் மருமகன். நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தார், ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தது. "ஒரே இங்கிலீஷ் சொல் பொருளாவும் வரும், செயலாவும் வரும். இப்ப பிரஷ்ஷுன்னா ஒரு பொருள். அதை வெச்சுத் தேய்க்கிற வேலைக்கும் பிரஷ்ஷுன்னுதான் சொல்றாங்க. நம்ம ஆளுங்க இதுலதான் குழம்பறாங்க."

"நாங்க குழம்பறதில்லையே சார்" என்றேன். "பின்னாடி ஒரு 'பண்ணு' போட்டுடுவோம். பிரஷ் பண்ணு, பார்க் பண்ணு, லாக் பண்ணு. புத்தகமே தேவையில்லை."

"அந்தப் பண்ணை ஒழிக்கத்தான் சார் புத்தகம்."

இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்டை, விசிட்டிங் கார்டு அளவில். அந்தச் சொல் பொருளாக வரும் உதாரணம் வெள்ளை அட்டையில். செயலாக வரும் உதாரணம் மஞ்சள் அட்டையில். எல்லாம் வாக்கியம்மா தன் கையால் மைப்பேனாவில் இங்கிலீஷில் எழுதியது. இங்கே தமிழில் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மேனேஜர் எல்லாவற்றையும் படித்துச் சரிபார்த்து டிராயரில் வைத்துப் பூட்டினார். காலையில் வாக்கியம்மா திறந்தால் வெள்ளை அட்டைகள் அப்படியே இருக்கின்றன. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. அச்சாபீஸ் ஆள் அஞ்சு மணிக்கு வருகிறான்.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். குட்டையான, கனத்த மனிதர்.

"சாவி ரெண்டு. ஒண்ணு மாப்பிள்ளைகிட்ட, ஒண்ணு இவங்ககிட்ட. மாப்பிள்ளை எடுக்க மாட்டார். அப்ப மிச்சம் யாரு? கழித்தல் தெரிஞ்சா போதும்மா, இதுக்குத் துப்பறியவே வேண்டாம்."

"அவங்க எதுக்கு எடுக்கணும்?" என்றார் அண்ணி.

"பக்கத்துத் தெரு கம்பெனியில இவங்களைக் கூப்பிட்டிருக்காங்க. வெறுங்கையோடவா போவாங்க? காலையில எல்லார் முன்னாடியும் கேட்டேன். எடுக்கலைன்னு ஒரே வார்த்தைதான். மேல ஒரு வார்த்தை பேசலை. தப்பு பண்ணாதவங்க அப்படியா கம்முனு இருப்பாங்க?"

வாக்கியம்மா நிமிர்ந்து பார்த்தார். "நான் எடுக்கலைங்க. அதை எத்தனை விதமா சொல்ல முடியும்?"

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்து வாக்கியம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "மஞ்சள் அட்டையில என்னக்கா எழுதியிருந்தீங்க?"

"பார்த்ததை."

"எதைப் பார்த்ததை?"

"கண்ணுல பட்டதை. எனக்குக் கற்பனை பண்ணி எழுத வராதும்மா. 'ராஜா காட்டுக்குப் போனான்'னு எழுதச் சொன்னா, எந்த ராஜா, எந்தக் காடுன்னு கை நின்னுடும். அதனால நான் பார்க்காத எதையும் எழுதறதில்லை. வெள்ளை அட்டை எழுதறப்பவே மஞ்சளையும் எழுதிடுவேன். ரெண்டும் ஒரே இடத்துல பார்த்ததாத்தான் இருக்கும்."

அண்ணியின் புருவம் லேசாக ஏறியது. எனக்கு அந்தப் புருவம் தெரியும். அது ஏறினால் அன்றைக்கு வீட்டுக்கு நேரத்தோடு போகலாம்.

"ரெண்டு மூணு சொல்லுங்க."

"பவுடர். 'டைப்பிஸ்ட் ஒரு பக்கம் அடித்து முடித்ததும் முகத்துக்குப் பவுடர் போடுகிறார்.'"

டைப்பிஸ்டின் விரல்கள் மெஷின் மேல் நின்றன. மீசை வைத்த, வாட்டசாட்டமான ஆள்.

"பில்லோ. 'பியூன் மத்தியானம் பெரிய அகராதியின் மேல் தலை வைத்துப் படுக்கிறார்.' விசில். 'ப்ரூஃப் பார்ப்பவர் தப்பைக் கண்டுபிடிக்காத நாளில் விசில் அடிக்கிறார்.'"

எட்டாவது வாக்கியத்துக்குள் மொத்த ஆபீசும் எங்களைச் சுற்றி நின்றது. டைப்பிஸ்ட் என் காதில், "சார், அந்த பவுடர் மட்டும் கிடைக்காமலே போனா நல்லது" என்றார். பியூன் மறு காதில், "அகராதிங்கறதை மூட்டைன்னு மாத்தச் சொல்லுங்க சார், வேலை போயிடும்" என்றார்.

"அண்ணி" என்றேன். "இதுல யார் எடுத்தாங்கன்னு தேடறதை விட, யார் எடுக்கலைன்னு தேடறது சுலபம். ஆளாளுக்குக் காரணம் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு ஒரு பதில் சொல்லு. உன்னைப் பத்தி ஒரு மஞ்சள் அட்டை இருக்கு. அது அச்சாகக் கூடாது. நீ என்ன பண்ணுவ?"

"அந்த ஒண்ணை மட்டும் உருவிடுவேன்."

"வெள்ளை அட்டை ஜோடியில்லாம நிக்கும். எந்தச் சொல்லுன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். அக்கா அஞ்சு நிமிஷத்துல திரும்ப எழுதிடுவாங்க."

"அப்ப எல்லாத்தையும் எடுப்பேன்."

"எடுத்து?"

"வெளியே கொண்டு போக முடியாது. வாசல்ல மோப்பம் பிடிக்கிற ஆள் இருக்கார். இங்கேயே எங்கயாவது சொருகுவேன்."

"அவ்வளவுதான். இங்கதான் இருக்கு."

"காலையில எல்லா மேசையையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்துட்டோம் மேடம்" என்றார் மேனேஜர் அவசரமாக. "மாமா ரூமைத் தவிர. அங்க யார் போகப் போறா? அதை விட்டுடுங்க."

அண்ணி டிராயரிலிருந்து வெள்ளை அட்டைக் கட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"படி. ஒவ்வொண்ணா."

"இருநூத்துப் பன்னிரண்டையுமா?"

"இந்த அக்கா எழுதினது எதுவும் பொய்யா இருக்காது. படியில சிமெண்ட் பெயர்ந்திருக்குன்னாங்க, பெயர்ந்திருந்துது. எந்த வாக்கியம் இன்னிக்குப் பொய்யாகுதோ அங்கதான் திருடன் கை பட்டிருக்கு."

அப்படி ஆரம்பித்தது அந்த ஊர்வலம். முன்னால் நான் படித்துக்கொண்டே போக, அண்ணி சரிபார்த்துக்கொண்டே வர, பின்னால் மொத்த ஆபீசும்.

"ஃபேன். 'மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.'"

அண்ணி ஒவ்வொரு எண்ணாகத் திருகினார். மூன்றில் மட்டும் சுற்றியது.

"ஹேமர். 'சுத்தியல் பியூன் மேசையின் நொண்டிக் காலுக்கு முட்டுக் கொடுக்கிறது.'"

குனிந்து பார்த்தோம். கொடுத்தது.

"பாக்கெட். 'மேனேஜரின் சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கிறது. எழுதுவது ஒன்றுதான்.'"

மேனேஜர் மூன்றையும் எடுத்து என் உள்ளங்கையில் கிறுக்கிக் காட்டினார். முதல் இரண்டும் கீறின. மூன்றாவது எழுதியது. அவர் காதெல்லாம் சிவந்து போயிற்று.

பெஞ்சுக்கு ஒரு பலகை குறைவு என்றது ஒரு அட்டை. குறைவாகத்தான் இருந்தது. கதவுப் பூட்டை இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும் என்றது இன்னொன்று. எண்ணித் தட்டினோம். இரண்டு. நூற்றி ஐம்பதைத் தாண்டும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அந்த அம்மாளின் மேல் ஒரு பயமும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இவர் ஒரு நாள் உட்கார்ந்தால் அண்ணனுக்கும் எனக்கும் தனித்தனிப் புத்தகமே போடலாம்.

மணி மூன்றே முக்கால். கையில் பத்துப் பன்னிரண்டு அட்டைதான் பாக்கி. வாக்கியம்மா ஸ்டூலில் இருந்தபடியே கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகக் களைப்புத் தெரிந்தது.

"வாட்டர்" என்று படித்தேன். "'முதலாளி அறையில் செடியின் அடித்தட்டில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது.'"

அண்ணி கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

முதலாளியின் மேசைக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. அகலமான இலைகள், பளபளவென்று. ஒரு பழுப்பு இல்லை, ஒரு பூச்சி அரிப்பு இல்லை. பெரிய மண் தொட்டி, மேலே கூழாங்கல். தொட்டிக்குக் கீழே தட்டு.

தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அண்ணி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்குத் தண்ணி ஊத்தலையா சார்?"

"ஊத்தினேனே. பதினோரு மணிக்கு ஒரு ஜக். தினமும் நான்தான் ஊத்துவேன். என் சம்சாரம் போறதுக்கு முன்னாடி வெச்ச செடி."

"தினமும் அந்தத் தண்ணி என்ன ஆகும்?"

"தட்டுல நிக்கும். சாயங்காலம் பியூன் எடுத்துக் கொட்டுவார்."

"ஒரு ஜக்கும்?"

"ஒரு ஜக்கும்."

"செடி குடிக்கவே குடிக்காதா?"

டைப்பிஸ்ட் கூரையைப் பார்த்தார். பியூன் தரையைப் பார்த்தார். மேனேஜர் எதையுமே பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு மட்டும் இதுக்குத் தாகம் எடுத்திருக்கு" என்றார் அண்ணி. "தம்பி, செடியைப் பிடிச்சுத் தூக்கு."

வேர் அறுந்துவிடுமே என்று மெதுவாக இழுத்தேன். வேரே இல்லை. கூழாங்கல் ஒட்டிய வெள்ளைத் தெர்மாகோல் அடிப்பாகத்தோடு செடி மொத்தமாக என் கையில் வந்தது. காகிதம் மாதிரி லேசாக இருந்தது. பிளாஸ்டிக்.

தொட்டிக்குள்ளே மண் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் அட்டைகள் ஒரு ஜக் தண்ணீரையும் குடித்து முடித்து, ஊறி, உப்பி, ஒரே கட்டியாகக் கிடந்தன. மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது.

"மாமா" என்றார் மேனேஜர்.

அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். "அக்கா, வாட்டருக்கு மஞ்சள் அட்டையில என்ன எழுதினீங்க?"

வாக்கியம்மா ஸ்டூலை விட்டு எழுந்து வந்து நின்றிருந்தார். "'முதலாளி தினமும் பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.' அதுல என்ன இருக்கு? எல்லாரும் பார்க்கறதுதானே?"

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மருமகனுக்கு. அவர் மறந்தே போனார். செடி பட்டுப் போயிற்று. அத்தை வைத்த செடி என்று மாமனாரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதே மாதிரி பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி வைத்துவிட்டார். ஊர் முழுக்க விற்கப் போகிற புத்தகத்தில் அந்த வாக்கியத்தை நேற்றுச் சாயங்காலம் படித்ததும் தலை சுற்றிவிட்டது. தொட்டி உள்ளே காலி என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மஞ்சள் அட்டைக் கட்டை அப்படியே உள்ளே திணித்து, தெர்மாகோலை மேலே வைத்து அமுக்கிவிட்டார்.

"சார்" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. "தண்ணி ஊத்தறதை மறைக்கணும்னு நினைச்சீங்க. சரி. அதைக் கொண்டுபோய் தண்ணி ஊத்தற இடத்துலயா வெப்பீங்க?"

"செடியைப் பத்தியே நினைச்சிட்டிருந்தேன். தண்ணி ஞாபகத்துக்கு வரலை."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். இடி விழப்போகிறது என்று பியூன் இரண்டடி பின்னால் போனார். முதலாளியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"எது மாமா?"

"அது பிளாஸ்டிக்னு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே தெரியும். கண்ணு நல்லாத் தெரியறதுக்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க?"

மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது. "அப்புறம் எதுக்கு மூணு வருஷமா தண்ணி ஊத்தினீங்க?"

"நீங்க வாசல்ல நின்னு என் முகத்தையே பார்த்துட்டிருந்தீங்க. அழுதுடுவீங்க போல இருந்துது. சரி, மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்காரேன்னு ஒரு ஜக் ஊத்தினேன். மறுநாள் ஊத்தலைன்னா, ஏன் ஊத்தலைன்னு நினைப்பீங்க. அப்படியே போயிடுச்சு. நிறுத்தறதுக்குத் தோதா ஒரு நாள் கிடைக்கலை."

எனக்குச் சிரிப்பு வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அண்ணி கோபப்படுவது அபூர்வம். அன்று பட்டார்.

"நல்லா இருக்கு சார். மாமனார் முகத்தை மாப்பிள்ளை காப்பாத்தினார், மாப்பிள்ளை முகத்தை மாமனார் காப்பாத்தினார். நடுவுல இவங்க காலையில இருந்து அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. இவங்க முகத்தை யார் பார்த்தது?" மேனேஜர் பக்கம் திரும்பினார். "அந்தக் கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன் மேடம்" என்றார் அவர். பிறகு எழுந்து வாக்கியம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். "அக்கா, தப்புப் பண்ணிட்டேன். மத்தியானத்துக்குள்ள சொல்லிடலாம்னு நினைச்சேன். சொல்லலை."

வாக்கியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மணி நாலு. அஞ்சுக்கு ஆள் வருவான். இருநூத்துப் பன்னிரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. உங்ககிட்ட எழுதற பேனா ஒண்ணு இருக்கில்ல? உட்காருங்க."

முதலாளி கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

புது மஞ்சள் அட்டைகள் வந்தன. வாக்கியம்மா கையைக் கட்டிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னார். மேனேஜர் எழுதினார். கை ஓய்ந்தபோது டைப்பிஸ்ட் மாற்ற வந்தார். "அவரே எழுதட்டும்" என்றார் வாக்கியம்மா. ஒவ்வொரு சொல்லாகப் போயிற்று. பார்த்ததைத் தவிர ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பியூன் அகராதி மேல்தான் படுத்தார், மூட்டை மேல் படுக்கவில்லை.

"அடுத்தது டவுட்" என்றேன், வெள்ளைக் கட்டைப் பார்த்து.

வாக்கியம்மா நடப்பதை நிறுத்தினார். "அதுக்கு நான் முன்னாடி எழுதினது வேண்டாம். ப்ரூஃப் பார்க்கறவரைப் பத்தினது. அதை விட நல்லதா ஒண்ணு இன்னிக்குக் காலையில பார்த்தேன்."

"சொல்லுங்கக்கா" என்றார் மேனேஜர்.

"'முதலாளி என்னைச் சந்தேகப்பட்டார்.'"

பேனா அட்டையைத் தொட்டது, நகரவில்லை. மேனேஜர் மெல்லத் தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தார். வாக்கியம்மா யாரையும் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷ வேலையை அந்த ஒரு வாக்கியத்தின் மேல் வைத்துவிட்டு நின்றார் அவர்.

முதலாளி கண்ணாடி அறையின் வாசலிலிருந்து நடந்து வந்தார். அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"எழுதுங்க மாப்பிள்ளை" என்றார். "'எல்லார் முன்னாடியும்'னு சேர்த்துக்குங்க. அவங்க அதை விட்டுட்டாங்க."

மேனேஜர் எழுதினார். வாக்கியம்மா பக்கத்தில் போய் நின்று, அட்டையைக் கையில் வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். முதல் தடவை படித்தபோது இல்லாத கண்ணீர் இரண்டாம் தடவையில் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார். "அடுத்த சொல் என்ன?"